வெறுங்கல்

மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடி மூலை இரண்டையும் விரலால் நிமிண்டி உதறினாள். ஒரு கைப்பிடி மக்காச்சோளமும் கொஞ்சம் தூசியும் மில்லின் மேல்தொட்டிக்குள் விழுந்தன. அதுதான் கடைசி மூட்டை. தொட்டியில் இருந்ததையும் சேர்த்தால், தானியத்தை எவ்வளவு மெதுவாக இறக்கினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கல் ஓடுகிறவரைதான் அந்தத் தூக்கம்.

வீட்டின் பின்பாதி மில், முன்பாதி குடியிருப்பு. நடுவே ஒற்றைச் சுவர். அப்பாவின் கட்டில் முப்பத்தெட்டு வருஷமாக அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. கல் சுழன்றால் தரை லேசாக அதிரும். அந்த அதிர்வு கட்டில் கால் வழியாக ஏறி முதுகுக்கு வரும். ஊரில் எல்லோருக்கும் சத்தம் கேட்டால் தூக்கம் கெடும். இவருக்குச் சத்தம் நின்றால் கெடும். பகலில் அசந்து படுத்திருக்கும்போது கரண்டு போனால், வீட்டில் முதலில் எழுந்து உட்காருவது அவராகத்தான் இருக்கும்.

நோய் கணையத்தில் தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஒரு நர்ஸ் வந்து நாக்குக்கு அடியில் வலி மருந்தைச் சொட்டவிட்டுப் போவாள். அவசரத்துக்கென்று ஒரு சின்னப் பாட்டிலை அலமாரியில் வைத்திருந்தாள். "தாங்கவே முடியலேன்னா ரெண்டு சொட்டு. அதுக்கு மேல ஒரு சொட்டு போனாலும் மூச்சு நின்னுரும், பாத்துக்கோங்க" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மகள் அந்த அலமாரியைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று அப்பா அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்க அண்ணன் போனப்ப அவன் கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. எனக்கு அப்படி வேணாம்மா. தூங்கிட்டு இருக்கும்போதே அனுப்பிரு."

ஏதோ பஸ் ஏற்றிவிடச் சொல்வதுபோலச் சொன்னார். "சரிப்பா" என்றாள் அவளும்.

முதல் நாள் வேலையாக மில்லை ஓட்டியபோதுதான் கண்டுகொண்டாள். முனகிக்கொண்டிருந்தவர் கல் சூடேறுவதற்குள் கண்ணயர்ந்துவிட்டார். நிறுத்தியதும் நெற்றி சுருங்கியது, முனகல் திரும்பியது. அன்றிலிருந்து ஆறு நாளாகக் கல் நிற்கவில்லை. இரண்டாம் நாள் தம்பி புத்திசாலித்தனமாக அந்தச் சத்தத்தை ஃபோனில் பதிந்து தலையணைக்குப் பக்கத்தில் ஓடவிட்டான். அப்பா ஒரு கண்ணைத் திறந்து, "எவன்டா அது தகரத்தைத் தட்டுறது?" என்றார். அவர் கடைசியாகச் சிரிப்பு மூட்டியது அப்போதுதான்.

ஆக, யாருக்கும் தேவையில்லாத மாவு வீடெங்கும் நிறைந்தது. டிரம் நிறைந்து, அண்டா நிறைந்து, துணி துவைக்கிற வாளிவரை வந்துவிட்டது. சனிக்கிழமை உழவர் சந்தையில் அவர்கள் கடை வாசலிலிருந்து மூன்றாவது. மாவு, ரவை, குருணை என்று மூன்று வகை, காகிதப் பைகளில். எவ்வளவு நல்ல சந்தை என்றாலும் நான்கு மூட்டைக்கு மேல் போகாது. இப்போது அரைத்துக் கிடப்பது அரை வருஷத்துச் சரக்கு. பக்கத்துக் கடை முட்டைக்காரம்மா எட்டிப் பார்க்க வந்தவள், "என்னடி இது, படைக்கா சமைக்கப் போற?" என்று கேட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துப் புரிந்துகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

சந்தையில் அப்பாவுக்குப் பெயர் 'கட்டைவிரல்'. எந்த மாவையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் பையில் போடமாட்டார். யார் வந்து மில்லைப் பற்றிக் கேட்டாலும் ஒரே பேச்சு: "கல்லு சோம்பேறிதான். ஆனா சொன்ன பேச்சு கேக்கும். ஒண்ணே ஒண்ணு, வெறுங்கல் ஓட்டக் கூடாது." தானியம் தீர்ந்த பிறகும் கல் சுற்றினால், மேல்கல் கீழ்கல்லைத் தின்னும். கொத்தி வைத்த வரியெல்லாம் மழுங்கிப்போகும்; மாவில் கல்தூள் விழும். ஒரு தடவை விழுந்தால் அந்தக் கல்லை நம்பி யாரும் வாயில் வைக்க முடியாது. சொல்லிவிட்டு அவளைக் காட்டுவார். "இவ உள்ள நின்னா நான் கண்ணை மூடித் தூங்குவேன். இவ கையில கல்லு காயாது."

இருபத்தேழு வயதில், மூன்று வருஷக் கல்யாணத்தை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, அப்பா ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. உளியை எடுத்துக் கையில் கொடுத்து, "கல்லு கொத்த வேண்டியிருக்கு, வா" என்றார். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் ஓடிவிட்டது. தம்பி வேன் ஓட்டுவான், சந்தையில் வாயாடி விற்பான், மில்லுக்குள் நின்றதில்லை. அவன் காது பாட்டுக்குத்தான்.

காலையிலேயே தானியம் எடுக்கப் போன அந்தத் தம்பி மூன்று மணிக்குக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்க களத்துல மழை அடிச்சிருக்கு. சோளம் பூரா ஈரம். கையில அள்ளுனா பிசுபிசுன்னு ஒட்டுது."

"பரவாயில்ல, கொண்டா."

"ஈரச் சோளத்தையா? கல்லு அடைச்சுக்குமே. அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிப்பாரு."

அவன் சொன்னது சரிதான். ஈரச் சோளம் கல்லில் பசையாக அப்பிக்கொள்ளும். பத்தே நிமிஷத்தில் மோட்டார் திணறி நின்றுவிடும்.

"இன்னொரு இடம் சொன்னாங்க. காஞ்ச சரக்கு இருக்காம். போயிட்டு ரெண்டு மணி நேரத்துல வந்துர்றேன். அப்பா எப்படி இருக்காரு?"

"தூங்குறாரு."

"நல்லதுக்கா. தூங்கட்டும்."

தொட்டி தீர்ந்துகொண்டிருந்தது. அவள் முதலில் குருணை டிரம்மைத் திறந்தாள். ஏற்கெனவே உடைத்த சோளத்தை இன்னொரு தடவை கல்லுக்குக் கொடுத்தாள். அறைக்குள் போய்ப் பார்த்தபோது, அப்பா கண் திறக்காமலே, "குருணையையா போடுற?" என்றார். சத்தத்தின் வித்தியாசம் தூக்கத்திலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஆமாம்ப்பா. கொஞ்சம் நைஸா வேணுமாம்."

"யாருக்கு?"

"முட்டைக்காரம்மாவுக்கு."

"அவளுக்குப் பல்லு போயிருச்சா" என்றார், அவ்வளவுதான். மூச்சு மறுபடி சீரானது.

குருணை அரை மணி நேரம் வந்தது. மாவையும் ரவையையும் திரும்பப் போட்டால் கல்லில் அப்பி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு மில்லையே ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். சந்தைக் கடை முகப்பில் தொங்கவிடுகிற கதிர்க் கொத்து ஆணியில் இருந்தது. சிவப்பும் மஞ்சளும் கலந்த பதினெட்டுக் கதிர்கள். எட்டு வருஷமாக அழகுக்குத் தொங்குவது. குழந்தைகள் கேட்டால்கூட அப்பா ஒரு மணியைப் பிய்த்துத் தந்ததில்லை. அவள் கயிற்றை அறுத்துக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கதிராகப் பெருவிரலால் உதிர்த்தாள். கூழாங்கல்போல் காய்ந்திருந்தன. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. பதினெட்டுக் கதிருக்கும் சேர்த்து மூன்று சேர்கூடத் தேறவில்லை. அதுவும் பதினைந்து நிமிஷத்தில் மாவாகி இறங்கியது.

மணி நான்கு. மாவு விழுகிற வாய்க்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். இது அப்பாவின் பழக்கம். கை பொறுக்கிற சூட்டில் மாவு வர வேண்டும். இளஞ்சூடாகக் கொஞ்சம் விழுந்தது, பிறகு இழையாக மெலிந்தது, பிறகு நின்றது.

அந்த நொடியில் அவள் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அணைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்பதும் தெரியும். நர்ஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. அலமாரியில் அந்தப் பாட்டில் இருந்தது. ஒரு சொட்டு தவறினால் தன் கையாலேயே அப்பாவைக் கொன்றதாக ஆகிவிடும் என்று நினைத்தாள். பாட்டிலுக்குப் பயந்தாள். கல்லுக்கு அவள் பயப்படவில்லை. அது பழகின கல்.

மேல்கல்லை ஏற்றி இறக்குகிற இரும்புத் திருகைப் பிடித்துக் கல்லைத் தூக்கினாள். நான்கு சுற்று இடப்பக்கம். கல் தனியே காற்றில் சுழன்றது. உராய்வு போய், மோட்டாரின் ரீங்காரமும் பெல்ட்டின் தடதடப்பும்தான் மிச்சம். வெறும் விசிறிச் சத்தம். சுவர் வழியாக அப்பாவின் முனகல் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்றாவது கொஞ்சம் பெரிதாக.

வலப்பக்கம் ஒரு சுற்று இறக்கினாள். இன்னொன்று. இன்னும் ஒன்று. கடைசிச் சுற்றை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். கல்லும் கல்லும் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடம் எது என்று அவள் கைக்குத் தெரியும். தரை மெல்ல அதிரத் தொடங்கியது. அரைக்கிற சத்தம்போலவே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் அடங்கியது.

தம்பி வந்துவிடுவான், ஒரு மணி நேரம்தானே, என்று சொல்லிக்கொண்டு அப்பாவிடம் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் நுனி எப்போதும்போல் வழுவழுவென்று, ரேகை இல்லாமல் இருந்தது. அறை நிழலாக இருந்தது. தரையின் அதிர்வு நாற்காலி வழியாக அவள் முதுகுக்கும் ஏறியது. அவளும் ஆறு நாளாகக் கண் மூடியிருக்கவில்லை. அதே சத்தத்தில் வளர்ந்த உடம்புதானே அவளுடையதும்.

இரும்பும் கல்லும் உரசித் தீய்ந்த வாசனை வந்தது. அது கனவு என்றுதான் முதலில் நினைத்தாள்.

"வெறுங்கல்லு."

கண் திறந்தபோது அப்பா உட்கார்ந்திருந்தார். நான்கு நாளாகத் தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாதவர், இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூடேறி உப்பிய கற்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. அவர் கேட்டிருக்கவேண்டும், முகம் அப்படி இருந்தது.

"வெறுங்கல்லு ஓடுது. யாரு மில்லுல?"

"யாரும் இல்லப்பா. நான்தான்..."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நீயா?"

ஓடினாள். சுவிட்சை அணைத்தாள். அவ்வளவு கனமான கல் உடனே நின்றுவிடுமா. அது தன் பாட்டுக்கு உறுமி, கடித்து, பொறி தெறித்து, மெல்ல மெல்லத்தான் நின்றது. மாவு வாய்க்குக் கீழிருந்த டிரம்மில் மஞ்சளுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் விழுந்திருந்தது.

திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் குறுக்காகச் சாய்ந்து கிடந்தார். சத்தம் நின்றுவிட்டது. தூக்கம் போய்விட்டது. வலி முழுசாக வந்துவிட்டது.

அவர் கத்தினார். இந்த மெலிந்த உடம்பில் இவ்வளவு குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அவள் அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்து, ரத்தம் கட்டிய பெருவிரலால் மூடியைத் திருகி, இரண்டு சொட்டு இல்லை, எத்தனை என்று பார்க்காமலே வாயில் விட்டாள். பற்களை இறுகக் கடித்திருந்தார். மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. "அப்பா, வாயைத் திறப்பா. நான் செஞ்சது தப்புதாம்ப்பா, வாயைத் திறப்பா" என்று கெஞ்சினாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. அவள் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் அழைக்கவில்லை. வெறும் சத்தம்தான். எதிர்க் கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். தெருவுக்கே கேட்டது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நின்றது.

நர்ஸ் சரியாக ஐந்து மணிக்கு வந்தாள். பார்த்தாள், மணிக்கட்டைத் தொட்டாள், வழிந்திருந்த மருந்தைத் துணியால் துடைத்தாள், விலகியிருந்த தாடையைச் சேர்த்துக் கட்டினாள். முகத்தின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டுப் பார்த்தாள். அது முழுதாக நேராகவில்லை.

அரை மணி கழித்து வேன் வந்து நின்றது. தம்பி பின்கதவைத் திறந்து பன்னிரண்டு மூட்டையையும் காட்டுவதுபோல ஒதுங்கி நின்றான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தூங்கிட்டு இருக்கும்போதேதானக்கா போனாரு?"

நர்ஸ் தன் பையை மூடிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற தையல்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஆமா" என்றாள்.

மறுநாள் காலை சந்தைக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். காய்கறிக்காரர், தேன்காரர், கத்தி சாணை பிடிக்கிறவர். வாசலில் நிற்க இடமில்லாமல் தெருவில் நின்றார்கள். தம்பி ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான்: மில்லு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதைக் கேட்டுக்கிட்டே கண்ணை மூடிட்டாரு. சொல்லச் சொல்ல அவனுக்கே அது ஆறுதலாகிக்கொண்டு வந்தது. தெருவாசிகள் யாரும் மறுத்துச் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள்.

முட்டைக்காரம்மா அவள் கன்னத்தைத் தடவினாள்.

"கொடுத்து வச்ச மனுஷன்டி. எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தச் சாவு. எல்லாம் நீ பாத்த பார்வை."

அவள் தலையை ஆட்டினாள். "நீயா?" என்ற ஒரு சொல்லில் பதினாறு வருஷமும் போய்விட்டிருந்தது. அவர் இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் திட்டியிருப்பார், பிறகு தேறியிருப்பார், பிறகு கல்லைப் பற்றி ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பார். அந்த ஒரு நாள் இல்லை.

விடிந்ததும் மில்லுக்குள் போய்ப் பார்த்திருந்தாள். திருகைத் தளர்த்தி, இடைவெளியில் கையை நுழைத்துத் தடவினாள். அவளும் அவருமாகக் கொத்திய வரிகள் இருந்த இடம் கண்ணாடித் தட்டுபோல இருந்தது. டிரம்மின் மேல் மாவை ஒரு சிட்டிகை எடுத்துப் பல்லில் வைத்தாள். நறநறத்தது. டிரம்மை மூடி, மூடியின் மேல் ஒரு காலி மூட்டையை மடித்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

எடுக்கிற நேரம் வந்தபோது தம்பி அவளிடம் வந்தான். சட்டையெல்லாம் தூசி. எதையோ நல்லபடியாகச் செய்துவிட்டு வந்த முகம்.

"அக்கா, ஒரு மூட்டையைத் தொட்டியில கொட்டிட்டேன். மில்லைப் போடு. அப்பா அந்தச் சத்தத்துலயே கிளம்பட்டும்."

"வேணாம்டா."

"ஏன்க்கா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நீதான போடணும். வேற யாருக்குத் தெரியும்?"

சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். முட்டைக்காரம்மா, "போம்மா, போடு" என்றாள்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தொட்டி நிறையப் புதுச் சோளம். நன்றாகக் காய்ந்த, பளபளவென்ற சோளம். நேற்று மூன்று மணிக்கு இதில் பாதி இருந்திருந்தால் போதும். இந்தக் கல்லில் இதை அரைத்தால் ஒவ்வொரு பிடியிலும் கல் வரும். திருகைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மேல்கல்லைத் திருகு போகிற மட்டும் தூக்கினாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் உறுமியது, பெல்ட் தடதடத்தது, கல் காற்றில் சுழன்றது. வெளியே தம்பி சத்தமாக அழுவதும், "கேக்குதா, உன் மில்லு ஓடுது, கேக்குதா" என்று முட்டைக்காரம்மா சொல்வதும் காதில் விழுந்தன. அந்தச் சத்தத்தில் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கால்கள் நகர்ந்தன. வாசலில் யாரோ, "பாத்து, படி இருக்கு" என்றார்.

அவள் மாவு வாய்க்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். சோளம் முழுசு முழுசாக, ஒன்றுகூட உடையாமல், கையில் விழுந்து நிறைந்து தரையில் சிதறியது. தொட்டியில் போட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே, சில்லென்று இருந்தது.